தடுப்புக்கட்டையைத் தூக்கியவள்

விமான நிலையத்துக் கார் நிறுத்தத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அவள் அரைநிமிஷக்காரி. "ஒரு அரை நிமிஷம் இருங்க, பாக்கறேன்" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லுவாள். சொல்லும்போது குரலில் தேன் வடியும். குரலை மட்டும் கேட்டவர்கள், இந்த அம்மாவுக்குக் கோபமே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரருக்குத்தான் சங்கதி தெரியும். தேன் வடியும் அதே நேரத்தில் அவளுடைய இரண்டு காதும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து கிடக்கும்.

அவள் பிறவிக் கோபக்காரி ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷம் வெளியே போகிற வழியில், நாலாம் நம்பர் கூண்டில் உட்கார்ந்து கார் நிறுத்தச் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்டவள். ஜன்னல் வழியாக ஒரு முகத்தைப் பார்த்தாலே போதும், இவர் யாரையோ அனுப்பிவிட்டு அழுதுகொண்டு வருகிறார், இவர் யாரையோ கூட்டிக்கொண்டு பூரித்துப்போய் வருகிறார், இவர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டு மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டு திரும்புகிறார் என்று சொல்லிவிடுவாள். சீட்டைத் தொலைத்தவர்களை நன்றாகத் திட்டுவாள். திட்டிவிட்டு, இருக்கைக்கு அடியில் பாருங்கள், சட்டைப் பையில் பாருங்கள் என்று தேட வைப்பாள். கிடைத்துவிட்டால் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். வருகிற கோபம் வந்த வழியே வெளியே போய்விடும். வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சாது.

பிறகு காமிரா வந்தது. வண்டியின் நம்பரை அதுவே படிக்கும், கட்டையை அதுவே தூக்கும் என்றார்கள். கூண்டுகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். கூண்டில் இருந்தவர்களில் நாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த நாலு பேருக்குத் தரைக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு தடுப்புக்கட்டைக்குப் பக்கத்திலும், சரிவுப் பாதைகளில் ஆங்காங்கேயும் மஞ்சள் கம்பம் ஒன்றை நட்டு, அதில் உதவிப் பொத்தான் வைத்தார்கள். யாராவது பொத்தானை அழுத்தினால் அவள் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மணி அடிக்கும்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது யாரும் பொத்தானை அழுத்த மாட்டார்கள். அதனால் அவள் காதில் விழுந்ததெல்லாம் மாட்டிக்கொண்டவர்களின் குரல்தான். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஒருவர், "நீ மனுஷியா, மெஷினா? அதையாவது சொல்லித் தொலை!" என்றார்.

"மனுஷிதான் சார். ஒரு அரை நிமிஷம் இருங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவன் கதவைத் திறந்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். அவனும் அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டியவன்தான். முதுகு போய்விட்டது. இப்போது அக்கம்பக்கத்து மின்விசிறிகளைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்த்துக்கொண்டு, சமையலையும் தானே செய்துகொண்டு வீட்டில் இருக்கிறான்.

"இன்னிக்கு எத்தனை பேரு?"

"கணக்கு வச்சுக்கல."

"திட்டறவங்க மேல எதுக்கு நீ கோபப்படற?"

"அவங்க மேல எனக்கென்ன கோபம்? மாட்டிக்கிட்டவன் கத்தத்தான் செய்வான். கட்டையை நட்டானே, அவன் எங்க உக்காந்திருக்கான்? அவன் காதுல இதெல்லாம் விழுதா? அதுக்குத்தான் கோபம்."

கட்டையை நட்டவன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய ஆள் ஒருவர் தெரியும். சூப்பர்வைசர். எந்த வெயிலிலும் நீலக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாதவர் என்பதால் டைக்காரர் என்று பெயர். கூண்டு எப்படி இருக்கும் என்றுகூடப் பார்த்திராத மனிதர். அவர் வந்ததும் போட்ட முதல் சட்டம் இது: கீழ் அறையில் இருப்பவர்கள் ஒரு ஷிஃப்டில் மூன்று தடவைதான் தாங்களாகக் கட்டையைத் தூக்கலாம். நாலாவது தடவை என்றால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

"ஏன் சார் மூணு?" என்று அரைநிமிஷக்காரி கேட்டாள்.

"அதுக்கு ஒரு லாஜிக் இருக்கும்மா."

"அதைத்தான் சார் கேக்கறேன்."

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காகப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பள்ளிகள் விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை. காலையில் இருந்தே மூன்று தளங்களும் நிரம்பி வழிந்தன. முந்தின நாள் வெளியே போகிற வழியில் இருக்கும் காமிராக்களில் மட்டும் புதிதாக ஏதோ ப்ரோகிராம் ஏற்றியிருந்தார்கள். பதினோரு மணி சுமாருக்குக் கண்ணாடிக்காரர் தன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, இது எட்டை மூணுன்னு படிக்குது" என்றார். அவள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். நம்பரில் எட்டு இருக்கிற வண்டி எது வந்தாலும், இப்படி ஒரு வண்டி உள்ளேயே வரவில்லை என்று காமிரா சாதித்தது. உள்ளே வராத வண்டி எப்படி வெளியே போகும்? கட்டை எழவில்லை. எட்டு இல்லாத வண்டிகளும் அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன.

நாலு பேரில் ஒருத்திக்கு அன்று விடுப்பு. இன்னொருவர் மருத்துவமனைக்குப் போயிருந்தார். இருந்த இரண்டு பேரும் தங்கள் பங்குக்கு மூன்று மூன்று தடவை தூக்கி முடித்தபோது மணி பதினொன்று இருபது. அவள் டைக்காரரைக் கூப்பிட்டாள்.

"காமிரா தப்பாப் படிக்குது சார். எல்லாக் கேட்டையும் திறந்து விட்ரலாம். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"ஒவ்வொரு வண்டியா செக் பண்ணி அனுப்புங்கம்மா. நான் மீட்டிங்ல இருக்கேன்."

ஒரு வண்டியைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அவள் மறுபடி கூப்பிட்டாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுபடி கூப்பிட்டாள். மேலிடம் சாப்பிடப் போயிருக்கிறது என்றார். திரையில் சரிவுப் பாதை முழுக்க வண்டிகள் எறும்புச் சாரை மாதிரி நின்றன. சிலர் இறங்கி நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள். குழந்தைகளைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை வண்டியும் இன்ஜினை அணைக்காமல் நின்றதில், திரையே புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. ஹெட்போனில் மணி ஓயவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மூன்றாம் தளத்துச் சரிவில் இருக்கும் கம்பத்தில் இருந்து ஒரு பெண் குரல் வந்தது. அந்தக் குரல் திட்டவில்லை. அதனாலேயே அரைநிமிஷக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹலோ, யாராவது இருக்கீங்களா? எங்கப்பாவுக்கு மூச்சு மெஷின் மாட்டியிருக்கு. இப்பதான் விமானத்துல இருந்து கூட்டிட்டு வரேன். பேட்டரி தீரப் போகுது."

"இன்னும் எவ்வளவு நேரம் வரும்மா?"

"இருபது நிமிஷம்னு காட்டுது."

"வண்டியில சொருகற ஒயர் இல்லையா?"

"அது பெட்டியில போயிடுச்சு. பெட்டி இந்த விமானத்துல வரலையாம். அடுத்ததுல வரும்னு சொல்லிட்டாங்க."

"இறங்கி நடக்க முடியுமா அவரால?"

"நாலு அடி வைக்க மாட்டார். ரெண்டு பக்கமும் வண்டி ஒட்டி நிக்குது, கதவையே பாதிதான் திறக்க முடியுது. நானே எப்படியோ பிதுங்கி இறங்கி வந்தேன். என்னங்க பண்றது?"

அரை நிமிஷம் இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. "அப்பாகிட்டயே போயி நில்லும்மா. அவரைப் பேச விடாத. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது இன்னொரு முனையத்தில் இருந்தது; வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும், வந்தாலும் சரிவில் ஏற முடியாது என்றார்கள். ஏழாவது தடவையாக டைக்காரரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அந்த ஒரு வண்டியை மட்டும் முன்னால எடுத்து விடுங்க" என்றார் அவர்.

"எப்படி சார்? பறந்தா வரும்? முன்னால அறுபது வண்டி நிக்குது."

"ஒரு பேஷன்டுக்காக சிஸ்டத்தையே உடைக்க முடியுமாம்மா? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. அப்ரூவல் வரட்டும்."

போனை வைத்துவிட்டார்.

அறைச் சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அதற்குள் ஒரு சாவி எப்போதும் சொருகியபடியே இருக்கும். அதை இந்தப் பக்கம் திருப்பினால் எல்லாத் தளத்திலும் எல்லாக் கட்டைகளும் ஒரே நேரத்தில் எழுந்து அப்படியே நிற்கும். தீப்பிடித்தால் மட்டும் தொட வேண்டிய சாவி. அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கண்ணாடிக்காரர் பதறிப்போனார். "வேண்டாம். வேலை போயிடும். உன் வீட்டுல ஒரு சம்பளம்தான்."

"தெரியும்."

"நல்லா யோசிச்சுக்கோ."

"எத்தனை நாளா யோசிக்கிறது? யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தக் குழியில உக்காந்திருக்கோம்."

கண்ணாடியை உடைக்கச் சின்னச் சுத்தியல் ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதை எடுக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துணிப்பையோடு ஓங்கி அடித்தாள். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. சாவியைத் திருப்பினாள்.

திரைகளில் பதினோரு கட்டைகளும் எழுந்தன. முதலில் யாரும் நகரவில்லை. நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பிறகு முன்னால் நின்ற ஒருவர் வண்டியை நகர்த்தினார். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். ஒன்பது நிமிஷத்தில் மூன்றாம் தளத்துச் சரிவு நகர்ந்து காலியானது. அந்தப் பெண்ணின் வண்டி எதுவென்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடிக்காரர் எழுந்து வந்து அவள் விரலில் இருந்த கண்ணாடிச் சில்லை எடுத்தபோதுதான் ரத்தத்தைக் கவனித்தாள்.

டைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கழுத்துப்பட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது.

"எங்க தீ? தீ எங்க பிடிச்சிருக்கு?"

அவள் ஹெட்போனை எடுத்து நீட்டினாள். "மாட்டிப் பாருங்க. காலைல இருந்து எரியுது."

அவர் வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் வந்தாள். எங்கெங்கோ விசாரித்து, மோட்டார் அறையைத் தாண்டிக் கதவைத் தட்டினாள். விமான நிலையத்துக்கு வெளியே முதல் முக்கில் இருக்கும் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மெஷின் நின்றுவிட்டதாம்; வாசலிலேயே வேறு மாட்டிவிட்டார்களாம். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார், நன்றாகச் சண்டை போடுகிறார் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அரைநிமிஷக்காரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"மூச்சு ஒயரை யாராவது பெட்டியில போட்டு அனுப்புவாங்களாம்மா? கைப்பையில வச்சுக்க வேண்டாமா? படிச்ச பொண்ணுதான நீ?"

அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் இதைத்தான் அஞ்சு நாளா சொல்லித் திட்டறார்."

"திட்டட்டும். திட்ட மூச்சு இருக்குல்ல."

அதே வாரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று அவள் பெயருக்கு வந்த மெமோ. அனுமதியில்லாமல் தீயணைப்புச் சாவியைத் திருப்பியது, நிர்வாகத்தின் சொத்தைச் சேதப்படுத்தியது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது. பத்து நாளில் விசாரணை. இரண்டாவது, விமான நிலைய ஊழியர்களுக்கு மாதாமாதம் அடித்துக் கொடுக்கும் செய்தித்தாள். சாதாரணமாக அதில் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துச் சாப்பிடுவாள். அன்றும் விரித்துவிட்டுத்தான் பார்த்தாள். நடுப்பக்கத்தில் டைக்காரர் படம். நெரிசலான நேரத்தில் சமயோசிதமாக முடிவெடுத்துத் தடுப்புகளைத் திறந்து, நோயாளிப் பயணி ஒருவரின் உயிரைக் காத்த மேற்பார்வையாளருக்குப் பாராட்டுகள் என்று கீழே எழுதியிருந்தது.

அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் இரண்டையும் தூக்கிப் போட்டாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் படித்தான். மறுபடி படித்தான்.

"இதைக் கிழிச்சுப் போட்ராத" என்றான். "ரெண்டையும் பத்திரமா எடுத்து வை. இஸ்திரி போட்டு வேணும்னாலும் தரேன்."

விசாரணை அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்து அதிகாரியம்மா ஒருவரும், தட்டச்சு செய்ய ஒருவரும், டைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தனியாக இந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

"தீ எதுவும் பிடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சாவியைத் திருப்பினீங்க."

"நானாம்மா திருப்பினேன்?"

அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார். அவள் பையில் இருந்து இரண்டு காகிதங்களையும் எடுத்து, சுருக்கமில்லாமல் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் திறந்தது தப்புன்னு இது சொல்லுது. திறந்ததே சார்தான், அதுக்குப் பாராட்டுன்னு இது சொல்லுது. எல்லாக் கேட்டும் ஒண்ணா அன்னிக்கு ஒரே ஒரு தடவைதாம்மா திறந்துச்சு. திறந்தது அவருன்னா மெமோவை அவருக்குக் குடுங்க. நான்தான்னா அந்தப் படத்தை எடுங்க. ரெண்டும் எப்படிம்மா நிக்கும்?"

தட்டச்சுக்காரரின் விரல்கள் நின்றன. டைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "செய்தித்தாள் வேற டிபார்ட்மென்ட். நான் எழுதச் சொல்லல."

"போட்டோவுக்கு நின்னீங்களே சார்."

"அன்னிக்கு நான் அப்ரூவல் குடுக்கற நிலைமையிலதான் இருந்தேன். இவங்க அவசரப்பட்டுட்டாங்க" என்று அவர் அதிகாரியம்மாவிடம் பூசி மெழுகினார்.

"ரெக்கார்டு இருக்கும்மா" என்றாள் அரைநிமிஷக்காரி. "அந்த ரூம்ல பேசறது ஒவ்வொண்ணும் ரெக்கார்டு ஆகுது. நாங்க பயணிகள்கிட்ட மரியாதையாப் பேசறோமான்னு பாக்கறதுக்காக சார்தான் வச்சாரு. போட்டுக் கேளுங்க."

கேட்டார்கள். ஏழு அழைப்புகளையும் வரிசையாகக் கேட்டார்கள். மீட்டிங், மேலிடம், சாப்பாடு எல்லாம் வந்தது. 'ஒரு பேஷன்டுக்காக சிஸ்டத்தையே உடைக்க முடியுமாம்மா' என்று அவருடைய குரலே அந்த அறையில் தெளிவாக ஒலித்தபோது, டைக்காரர் தன் எதிரே இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியம்மா இரண்டு காகிதங்களையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கடைசியில், "நீங்க போகலாம்மா" என்றார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மனிதாபிமான அடிப்படையில் மெமோ திரும்பப் பெறப்படுகிறது என்று இருந்தது. கண்ணாடிக்காரர் கை கொடுத்தார். கணவன், "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டான். அவள் மட்டும் கடிதத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மனிதாபிமானம்? எனக்கா? தப்பு பண்ணினவளை மன்னிச்சு விடற மாதிரி எழுதியிருக்காங்க."

"எடுத்துட்டாங்கல்ல, விடேன்."

"விட மாட்டேன்."

கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்துவிட்டாள். அந்த வார்த்தையை எடுத்தால்தான் வாங்குவேன் என்று பதினோரு நாள் ஒற்றைக் காலில் நின்றாள். அலுவலகத்துக் குமாஸ்தா ஒவ்வொரு நாளும் கீழே இறங்கி வந்து கெஞ்சினார்; பிறகு மிரட்டினார்; பிறகு அவரும் அலுத்துப்போய் அவள் பக்கமே பேச ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் வேறு கடிதம் வந்தது. மெமோ ரத்து என்று இரண்டே வரி. அதை வாங்கினாள்.

அதோடு மூன்று தடவைச் சட்டமும் போயிற்று. வண்டிகள் பத்து நிமிஷத்துக்கு மேல் நகராமல் நின்றால், கீழ் அறையில் இருப்பவர்கள் யாரையும் கேட்காமல் எல்லாக் கட்டைகளையும் தூக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அடித்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் மறுநாளே அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, திரைகளுக்கு நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினாள்.

டைக்காரரை மாற்றினார்கள். எங்கே என்று பிறகு தெரிந்தது. இதைவிடப் பெரிய முனையத்துக்கு, இதைவிடப் பெரிய பதவியில். அங்கேயும் தரைக்குக் கீழே ஓர் அறையும், ஹெட்போன் மாட்டிய ஆறு பேரும் இருப்பதாகக் கேள்வி.

"நீ ஜெயிச்சுட்டியே, இன்னும் எதுக்குக் காது சிவந்திருக்கு?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"அந்த ஆறு பேரு போன் நம்பர் கிடைக்குமா?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் மேஜை இழுப்பறையில் பழைய டைரியைத் தேட ஆரம்பித்தார். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அவருடைய மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. நம்பர் கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் அரைநிமிஷக்காரி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தன்னை யாரென்று சொல்லிக்கொண்டாள்.

"அங்க உங்களுக்கு எத்தனை தடவை தூக்கலாம்னு வச்சிருக்காரும்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டே தடவைதான் அக்கா" என்றாள் அந்தப் பெண்.

"பேனா எடுத்துக்கோ. நான் சொல்றதை எழுதிக்கோ."